தையலின் சொல்

பண்டிதனுக்கு ஊசிச் சந்தையிலே என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சென்ற மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இலக்கிய வட்டமொன்றின் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதாக ஒப்பியிருந்தேன். அத்தலைமையை நண்பர் ஒருவரின் தலையிற் சுமத்திவிட்டு, யாழ்ப்பாண நகரத்து மண்டபம் ஒன்றிலே நடந்த பின்னல் வேலை, தையல் வேலைக் கண்காட்சிக்குப் போனேன். போனேன் என்பதிலும் அழைத்துச் செல்லப்பட்டேன் என்பதே உண்மை. அழைத்துச் சென்றவர் என் தமக்கையார். கூட வந்தவள் என் இளைய மகள்.

தமக்கையாருக்கு வயது 68. ஒரு கண்ணிற் புரை நீக்கியாயிற்று. மற்றக் கண் வைத்தியசாலைத் தவணைக்குக் காத்திருக்கின்றது. “கண் இருக்கேக்கை ஒருக்காப் பாத்திட்டு வருவம், தம்பி” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் முன் எந்தத் தலைமையுரை நிற்கும்?

மண்டபத்தினுள்ளே மேசைகள் வரிசையாக இடப்பட்டிருந்தன. குழந்தைகளின் காலுறை, தொப்பி, மேசைவிரிப்பு, தலையணை உறை, சட்டைக் கழுத்துக்கான சரிகைபோன்ற ஓரங்கள், பஞ்சடைத்த யானையும் முயலும் என, கண் கொள்ளாத காட்சி. ஒவ்வொரு மேசையின் முன்னும் ஒரு மட்டை. மட்டைகளை வாசித்த மாத்திரத்தே எனக்குள் இருந்த பண்டிதன் விழித்துக்கொண்டான். ‘நிற்றிங்’, ‘குரோசே’, ‘எம்பிறோய்டறி’. எழுத்துத் தமிழ், சொல் ஆங்கிலம். தமிழ்ப் பெண்கள் தமிழ் மண்ணிலே தம் கைகளாற் செய்த பொருளுக்கு ஒரு தமிழ்ப்பெயர் இல்லையா? சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். நின்ற நிலையிலேயே கலைச்சொல்லாக்கம் தொடங்கிற்று. நிற்றிங் என்பதற்குப் ‘பின்னல்’ என்று எழுதினேன். குரோசே என்பதற்குக் ‘கொளுக்கிப் பின்னல்’ என்று எழுதினேன். எழுதியதை இரண்டுமுறை வாசித்து நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைப்பானேன்.

தமக்கையார் எட்டிப் பார்த்தார். புரை நீங்கிய கண்ணாற் பார்த்தார். “தம்பி, கிடுகும் பின்னுறம், தலைமயிரும் பின்னுறம். உதையும் அதுக்குள்ளை கொண்டுபோய்ப் போட்டால் ஆருக்கு என்ன விளங்கும்?” என்றார்.

நான் திகைத்தேன். திகைப்பை மறைப்பதற்காக, “அப்படியானால் வேறுபாடு யாது?” என்று பரீட்சகர் தொனியிலே கேட்டேன். பரீட்சகர் தொனியில் கேட்ட வினாவுக்கு ஆசிரியர் தொனியில் விடை வந்தது. அங்கேயே ஒரு மேசையிற் கிடந்த அரைகுறை வேலைகளைத் தொட்டுத் தொட்டு அவர் விளக்கியதை என் நடையிலே தருகின்றேன்.

நிற்றிங் என்பது இரண்டு நீண்ட ஊசிகளால் ஆவது. ஒரு வரியிலுள்ள வளையங்கள் அத்தனையும் முடிவு பெறாமல் ஊசியிலே உயிரோடு நிற்கும். ஒவ்வொரு வளையத்தினூடாகவும் புதுவளையம் ஒன்றை இழுத்து மற்ற ஊசிக்கு மாற்றுவதே வேலை. முழுவதும் ஒரே இழை. வெட்டுமில்லை, முடிச்சுமில்லை. ஆதலால் ஊசியை உருவி நுனியைப் பிடித்து இழுத்தால் ஆறு மாத வேலையும் அரை நாழிகையில் வெறும் நூலாகிவிடும். குரோசே அப்படியன்று. ஒரே கொளுக்கி ஊசி. எந்த நேரத்திலும் உயிரோடு நிற்பது பெரும்பாலும் ஒரே வளையம். ஏனையவை முடிந்து இறுகியவை. எம்பிறோய்டறியோ முன்னரே நெய்து கிடக்கும் துணியின்மேல் ஊசியாற் பூவேலை செய்வது. இவற்றில் முன்னைய இரண்டும் துணியையே உண்டாக்குவன. பின்னையது துணியை அலங்கரிப்பது. மூன்றையும் மயங்கவைத்தவன் ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் வேறுபாடு அறியாதவனை ஒப்பான். என் மாணவருள் அத்தகையோர் பலர். அன்று அவர்களோடு நானும் ஒரு வாங்கில் இருந்தேன்.

“அப்போ பின்னல் எண்ட சொல்லுக்கு இஞ்சை இடமே இல்லையோ?” என்றாள் மகள். “இருக்கு. வா, காட்டிறன்” என்று தமக்கையார் மண்டபத்தின் மறுமூலைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே தென்னிலங்கையிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் உருளையான திண்டு ஒன்றின் முன் அமர்ந்திருந்தார். காலி, வெலிகமைப் பக்கங்களிலே ‘பீறலு’ என்று சொல்லப்படும் கைவேலை அது. போர்த்துக்கேயர் வரவோடு இந்நாட்டுக்கு வந்தது. திண்டின்மேல் மாதிரிக் கடதாசி, கடதாசியிலே குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் பல. அம்மூதாட்டி கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் மாற்றி மாற்றி எறிய, இழையோடு இழை குறுக்கிட்டு முறுக்குண்டு ஓரம் வளர்ந்தது. வளையமே இல்லை. தலைமயிர் பின்னுவதும் இதுவும் ஒரே நீதி. நான் நிற்றிங்குக்குக் கொடுத்த சொல்லுக்கு உண்மையான உரித்தாளி இந்தத் திண்டின்மேல் இருந்தாள்!

அந்த அம்மையாருக்குத் தமிழ் வராது. தமக்கையாருக்குச் சிங்களம் வராது. தமக்கையார் ஓரத்தைத் தொட்டு, “ரேந்தை” என்றார். மூதாட்டி தலைநிமிர்ந்து, “ரேந்த” என்றார். இருவரும் சிரித்தனர். போர்த்துக்கேய மொழியின் ‘ரெந்தா’ என்ற ஒரே சொல் இரு மொழிகளுக்குள்ளும் புகுந்து, இரு மூதாட்டியரை அன்று ஒரு மேசைக்கு இருபுறமும் அமர்த்திற்று. அலுமாரியும் மேசையும் சன்னலும் போல ரேந்தையும் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட சொல். அதனை அந்நியமென்று துரத்த என் கை எழவில்லை. குறிப்புப் புத்தகத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

ஆனால் உண்மையான பாடம் இனிமேல்தான் இருந்தது.

என் மகளும் குரோசே பழகியவள். பழக்கிய ஆசிரியர் கைத்தொலைபேசி. யப்பானியர் ‘அமிகுறுமி’ என்று வழங்கும் பஞ்சடைத்த பொம்மைகளை இன்றைய பிள்ளைகள் விரும்பிச் செய்கின்றனர். சென்ற ஆண்டு அவள் ஒரு யானை செய்யப் புகுந்தாள். செய்முறை தமக்கையாரின் பழைய பெட்டியிற் கிடந்த இங்கிலாந்துக் கைந்நூல் ஒன்றிலிருந்து. கைமுறை அமெரிக்கக் காணொளியிலிருந்து. யானை முடிந்தபோது அது ஒட்டகச்சிவிங்கியின் உயரத்துக்கு நின்றது. உடம்பெங்கும் துவாரம்; துவாரந்தோறும் பஞ்சு எட்டிப் பார்த்தது. வீட்டார் சிரித்தோம். காரணத்தை எவரும் தேடவில்லை.

காரணத்தைத் தமக்கையார் அன்று மண்டபத்திலே சொன்னார். ‘டபிள்’ என்று ஒரு சொல். இங்கிலாந்துக்காரர் அதனாற் குறிப்பது ஒரு கட்டையான வளையத்தை. அமெரிக்கர் அதே சொல்லாற் குறிப்பது அதனிலும் நெடிய வேறொன்றை; இங்கிலாந்துக்காரரின் ‘டபிள்’ அமெரிக்கருக்குச் ‘சிங்கிள்’. கடலுக்கு இப்பால் ஒரு பொருள், அப்பால் ஒரு பொருள். நூலைப் பார்த்துக் கட்டையைச் செய்யவேண்டிய இடமெங்கும் பிள்ளை காணொளியைப் பார்த்து நெடியதைச் செய்துவிட்டாள். யானை வளர்ந்ததற்கு யானை என்ன செய்யும்?

“மாமி, நீங்கள் பழகேக்கை உங்களுக்குக் குழம்பேல்லையோ?” என்று கேட்டாள் மகள்.

“எங்களுக்கு ஏன் குழம்புது? எங்களுக்குக் கட்டைக் கண், நெட்டைக் கண். அவ்வளவுதான்.”

வாசகர்கள் அந்த இரண்டு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும். கட்டைக் கண். நெட்டைக் கண். கேட்டவுடன் கண்ணுக்குத் தெரிகின்றது. இரண்டு வல்லரசுகள் ஒத்துக்கொள்ள மாட்டாத காரியத்தை எங்கள் வீட்டுத் திண்ணை எப்போதோ தீர்த்துவைத்திருக்கின்றது! வளையத்தைக் ‘கண்’ என்பது எங்கிருந்து வந்தது என்று துருவினேன். இளமையில் நாங்கள் குடியிருந்தது கடற்கரைக்கு அண்மையில். அயலிலே வலை முடிவோர் இருந்தனர். வலைக்குக் கண் உண்டு, வளையத்துக்கும் கண். பாடசாலையிலே தையல் படிப்பித்த ஆசிரியை ஆங்கிலச் சொல்லையே சொன்னாராம். பாடசாலை விட்டபின் நாலைந்து பெண்கள் திண்ணையில் இருந்து வேலை செய்யும்போது ‘எங்களுக்குள்ளை சொன்னதுகள்’ இவை. நிற்றிங்கிலே இரண்டு வகை வளையங்கள் உண்டு. ஒன்று மற்றொன்றைப் பின்புறமிருந்து பார்த்த தோற்றமே. தமக்கையார் அவற்றை ‘முகக் கண்’, ‘முதுகுக் கண்’ என்றார். ஊசியிலிருந்து ஒரு வளையம் நழுவினால் ‘கண் விழுந்திட்டுது’. பெருக்குவது ‘கண் கூட்டிறது’. சுருக்குவது ‘கண் குறைக்கிறது’. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் படிப்பிக்கும் எனக்கு, ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தமக்கையின் வாயில் இத்தனை சொற்கள் இருந்தமை தெரியாது. நான் கேட்டதில்லை.

ஏன் கேட்டதில்லை? ஆத்திசூடியிலே பெண்ணின் பேச்சைக் கேட்டு நடவாதே என்று பொருள்படும் ஓரடி உண்டு. அவ்வடியிலே பெண்ணுக்கு ஆளப்பட்ட சொல் ‘தையல்’. உரைகாரர் சிலர் அதற்கு எத்தனையோ அமைதி கூறுவர். நான் அமைதி தேடவில்லை. அடியை அப்படியே கைக்கொண்டவன். தையலின் சொல்லையும் கேட்டிலேன். தையற் சொல்லையும் கேட்டிலேன்.

இத்தனைக்கும் ஆண்டுதோறும் நன்னூற் பொதுப்பாயிரம் படிப்பிப்பவன் நான். பவணந்தியார் நூலுக்கு நூலையே உவமையாக்கியதை மாணவர் அறிவர். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, வாயே கை, மதியே கதிர். இவ்வளவும் மாணவர் ஒப்புவிப்பர். புலவன் யார் என்று கேட்டால் மட்டும் சற்றுத் தயங்குவர். புலவனே நூற்கின்ற பெண்! ஏட்டிலே எழுத்தாணி பிடித்தவனை இராட்டின முன்னே இருத்தி, ‘நீ அவளைப் போன்றவன்’ என்று சொல்லிவைத்திருக்கின்றார் இலக்கண ஆசிரியர். உவமேயத்திலும் உவமானம் உயர்ந்ததாக இருக்கவேண்டும் என்று அணியிலக்கணம் படிப்பிக்கின்ற நாங்கள், இந்த உவமையிலே உயர்ந்தவள் யாரென்பதை மாத்திரம் எண்ணுவதில்லை.

ஊசி நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்திலே துன்னகாரருக்கும் இடமுண்டு. ஆனால் நிற்றிங்கும் குரோசேயும் மேனாட்டார் வழி வந்தவை, இதில் வழக்கில்லை. 1824இல் அமெரிக்க மிஷனார் உடுவிலிலே பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை நிறுவினர். அதனை நடத்தியவர் ஹரியற் வின்சிலோ அம்மையார். அங்கே எழுத்தோடு ஊசியும் படிப்பிக்கப்பட்டது. அவருடைய கணவரே மைரன் வின்சிலோ. 1862இல் 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர். ஒரு வீட்டிலே மனைவியின் கையில் ஊசி, கணவரின் கையில் அகராதி. அகராதிக்காரரை நாங்கள் மேற்கோள் காட்டுகிறோம். ஊசியால் எழுதியவர்களை எவர் மேற்கோள் காட்டினர்?

மேசைவிரிப்பு ஒன்றின் முன்னே அன்று நிகழ்ந்ததை இங்கே எழுதாமல் விடமுடியாது.

வெள்ளை நூலிலே வட்டம் வட்டமாகக் குரோசே செய்து இணைத்த விரிப்பு. விலை 12,000 ரூபா. எனக்கு அறிமுகமான கனவான் ஒருவர், தமிழார்வலர், அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 8,000 தரலாம் என்றார். செய்த பெண் பேசாமல் நின்றாள். அவர் என் பக்கம் திரும்பி, “சும்மா இருக்கிற நேரத்திலை செய்யிறதுதானே, பண்டிதர்” என்றார். நானும் ஒரு புன்னகையால் அதற்கு உடன்பட்டிருப்பேன். வழக்கமாக அப்படித்தான்.

தமக்கையார் அப்பெண்ணிடம் கேட்டார். “எத்தினை நாள், பிள்ளை?” எழுபது நாள். “நாளுக்கு எவ்வளவு நேரம்?” மூன்று மணிநேரம் வரும். “நூல்?” மூவாயிரம். கணக்கை மகள் செய்தாள். 210 மணிநேரம். நூல்விலை போக மிஞ்சுவது 9,000. மணித்தியாலம் ஒன்றுக்கு 43 ரூபாவும் இல்லை. மண்டப வாசலிலே நாங்கள் குடித்த பிளேன்ரீயின் விலை 50. கனவான் கேட்ட விலைக்குக் கொடுத்தால் மணிக்கு 24 ரூபாவும் தேறாது.

‘சும்மா இருத்தல்’ சைவர்களாகிய நமக்குப் பெரியதொரு சொல். அது கைகூடுவதற்கு ஞானிகள் பட்ட பாட்டை நூல்கள் பேசுகின்றன. விடிய எழுந்து உலை வைத்து, பிள்ளைகளை அனுப்பி, கிணற்றடியும் அடுப்படியுமாய் உழன்று, இரவு ஒன்பது மணிக்கு நூலைக் கையில் எடுக்கின்ற ஒருத்திக்கு அது இவ்வளவு எளிதாகக் கைகூடிவிட்டதென்பது எனக்குப் புதுச் செய்தி.

இவ்வேலை எக்காலத்தும் ‘சும்மா’ வேலையாக இருந்ததுமில்லை. குளிர்நாட்டுப் பெண்களின் பொழுதுபோக்கென்று நினைக்கின்றோம். எகிப்திலே கிடைத்த மிகப் பழைய பின்னற் காலுறைகள் சில, 11ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை, பருத்தி நூலால் ஆனவை. ஐரோப்பிய நகரங்களிலே நிற்றிங் வருவாயுள்ள தொழிலாய் விளங்கிய காலத்தில், சங்கம் அமைத்து அதனை நடத்தியவர்கள் ஆண்கள். தொப்பியும் காலுறையும் கம்பளமும் தம் கையாற் செய்து காட்டியே அவர்கள் ஆசான் பட்டம் பெற்றனர். நமது பண்டித பரீட்சை போலத்தான். 1589இல் வில்லியம் லீ என்னும் ஆங்கிலப் பாதிரியார் காலுறை பின்னும் பொறியை ஆக்கினார். பொறி பெருகிக் கைவேலைக்குக் கூலி குன்றக் குன்ற, ஊசி வீட்டுக்குள் ஒதுங்கிற்று. கூலி இருந்தபோது ஆணின் தொழில்; கூலி போனபின் பெண்ணின் பொழுதுபோக்கு. 1840களிலே உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அயர்லாந்து பட்டினி கிடந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் குரோசே ரேந்தை விற்றுக் குடும்பங்களைக் காத்தனர். நம்மவர் கதையும் உண்டு. நாகர்கோவிலிலே மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ற் அம்மையார் தமிழ்ப் பெண்களுக்கு ரேந்தை வேலை பழக்கினார். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அவ்வேலையாற் கிடைத்த பணத்தைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல். அச்சட்டம் வருமுன்னரே சிலருக்கு ஊசி விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டது.

ஊரார் கதை கிடக்கட்டும். என் கதையைச் சொல்கின்றேன்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டும் போர் மூண்டபோது குடாநாட்டிலே மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னாயிற்று. நான் பண்டித பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தந்தையார் இல்லை. தமக்கையார் மணவாழ்க்கையை இழந்து எங்களோடு வந்திருந்தார். வீட்டுக்கு ஒரு விளக்கு, ஜாம்போத்தல் விளக்கு. அதன் ஒருபுறம் நான், மறுபுறம் அவர். ஜேர்மனிக்குப் போன உறவினர் முன்னொருகால் அனுப்பிய கம்பளிச் சட்டைகள் பெட்டியிற் கிடந்தன. இந்த வெயிலில் அவற்றை யார் அணிவது? தமக்கையார் அவற்றின் நுனியைக் கண்டுபிடித்து இழுத்து, இழை இழையாகக் குலைத்தார். குலைத்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். அதனை நனைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நேராகிவிடும். நேராக்கிய நூலிலே பிறந்த குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுறையும் செய்தார். போர்க்காலத்திலும் குழந்தைகள் பிறந்தன. அரிசியாகவும் தேங்காயாகவும் சிலவேளை காசாகவும் அவை திரும்பி வந்தன. ஐயரவர்களின் புறநானூற்றுப் பதிப்பிலே பழைய பிரதி ஒன்று விலைக்கு வந்தது. எட்டுத் தொப்பியில் அது என் கைக்கு வந்தது. பரீட்சைக் கட்டணம் எத்தனை தொப்பியோ, அவர் சொன்னதில்லை.

அந்தப் புறநானூற்றிலே ஒரு பருத்திப் பெண்டு வருகின்றாள். நள்ளிரவிலே எழுந்து சிறுவிளக்கின் ஒளியில் வேலை செய்கின்றாள். அவள் யார், ஆண்துணை அற்றவள் என்பது எப்படிப் பெறப்படும், நற்றிணையில் வருகின்ற நூல் நூற்கும் பெண்டிரோடு அவளை எப்படி ஒப்புநோக்கவேண்டும் என்றெல்லாம் நெட்டுருச் செய்தேன். விளக்குக்கு மறுபுறத்தை நிமிர்ந்து பார்த்தேனல்லேன். பரீட்சையிலே அவ்வினாவும் வந்தது. நன்றாக விடை எழுதினேன்.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நானும் நடந்தேன். என் தலையிலே புத்தகக் கட்டு. தமக்கையார் முன்னே நடந்தார். அவர் கொண்டையிலே இரண்டு பின்னல் ஊசிகள். என் கட்டிலிருந்த புத்தகங்களிற் பாதி வழியிலே மழையில் நனைந்து போயின. ஊசிகள் இன்றும் இருக்கின்றன.

ஆகவே இந்தக் கண்காட்சியை நடத்தியவர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்க எனக்கு உரிமை உண்டென்று கருதுகின்றேன். அடுத்தமுறை மட்டைகளிலே பொருளின் பெயரையும் விலையையும் மாத்திரம் எழுதாதீர்கள். செய்தவரின் பெயரை எழுதுங்கள். அன்று மண்டபத்திலே ஒரு பொருளிலாவது செய்தவர் பெயரைக் கண்டேனல்லேன். பாடியவர் பெயர் தெரியாத புறநானூற்றுப் பாட்டுக்கூட ‘பெயர் தெரிந்திலது’ என்ற குறிப்போடு அச்சாகின்றது. நூலின் விலையையும் சென்ற மணிநேரத்தையும் பெயரின் கீழே எழுதுங்கள். பேரம் பேசுபவர் அதன்பின்னும் பேசட்டும். ஆனால் எதைக் குறைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

மற்றையது என் வகுப்பாருக்கு. கலைச்சொல் வேண்டுமென்றால் நாங்கள் குழு அமைக்கின்றோம். குழுவிலே பண்டிதர் இருப்பர், பேராசிரியர் இருப்பர், மொழிபெயர்ப்பாளர் இருப்பர். அத்தொழிலைச் செய்பவர் இருப்பதில்லை. மூன்று கூட்டமும் முப்பது தேநீரும் செலவானபின் ‘இழைக்கொளுவுவினை’ போன்ற ஒன்று பிறக்கும். பிறந்த இடத்திலேயே அது கண்மூடும். இழைக்கிறது பாய், பின்னுவது கிடுகு, முடிவது வலை, நெய்வது துணி, பொத்துவது கிழிசல். ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு சொல்லை வைத்திருக்கின்ற மொழி எங்கள் மொழி. அவ்வினையைச் செய்தவர்களே அச்சொல்லை வைத்தனர், குழு வைக்கவில்லை.

அடுக்களைப் பேச்சை அகராதியில் ஏற்றலாமா என்று என் சகபாடி ஒருவர் கேட்டார். மறுநாட் காலை கல்லூரியில் இக்கதையை நான் சொன்னபோது நடந்தது இது. தொல்காப்பியர் ஆராய்ந்தவை எவை என்று பாயிரம் சொல்கின்றதே என்றேன். வழக்கும் செய்யுளும். முன்னே நிற்பது எது? அவர், “அந்த வழக்கு உயர்ந்தோர் வழக்கு” என்றார். “ஆம்” என்றேன். “கண்டீரா, நீரும் ஒத்துக்கொள்கிறீர்” என்றார். “ஒத்துக்கொள்கிறேன். என் தமக்கையார் உயர்ந்தவர்” என்றேன். நல்ல மனிதர்; கோபிக்கவில்லை.

இந்தத் தவணையிலே என் மாணவருக்குக் ‘கம்பன் கண்ட சீதை’ பற்றிய கட்டுரை இல்லை. அந்தச் சீதையை ஏற்கெனவே பலர் கண்டுவிட்டனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மூதாட்டி ஒருவரிடம் போய் இருந்து, அவர் கை செய்யும் தொழிலின் சொற்களை, சொன்னபடியே, திருத்தாமல் எழுதிவரவேண்டும். தையல், பாய், பெட்டி, வலை எதுவாயினும் சரி. தையற்சொல்லாயின் பொருள் எழுதினாற் போதாது. ஒரு விரற்கடை மாதிரியைச் செய்வித்து ஏட்டிலே தைத்துவரவேண்டும். முகக் கண்ணுக்கும் முதுகுக் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை உரைநடையில் விளக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதியும் எனக்கே விளங்கவில்லை. விரலாற் தடவியபோது விளங்கிற்று. பொருளைத் தைத்துக் காட்டும் அகராதி உலகில் வேறெங்கும் இருக்கிறதோ இல்லையோ, கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே இருந்தால் இழுக்கொன்றுமில்லை. ‘எழுத்தைவிட ஊசியே கடினம், ஐயா’ என்று மாணவன் ஒருவன் இப்போதே முறையிடுகின்றான்.

எங்கள் வீட்டு ஏட்டை மகள் எழுதுகின்றாள். முதற்பக்கத்திற் கட்டைக் கண். இரண்டாம் பக்கத்தில் நெட்டைக் கண். சென்ற ஞாயிறுவரை 37 சொற்கள்.

ஞாயிறு மாலை மூத்த மகளின் பிரசவத்தை எண்ணி, கண்காட்சியில் வாங்கிய குழந்தைத் தொப்பியைத் தமக்கையாரிடம் எடுத்துக் கொடுத்தேன். பொழுது பட்டிருந்தது. விளக்கை ஏற்றப் போனேன். “வேண்டாம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தொப்பியைச் சுற்றித் தடவினார். ஓரிடத்திலே விரல் நின்றது.

“மூண்டாம் வரியிலை ஒரு கண் விழுந்திருக்கு. பாவம், அந்தப் பிள்ளை பாக்கேல்லை.”

கொளுக்கி ஊசியைக் கேட்டு வாங்கினார். விழுந்த வளையத்தைக் கொளுவி, மேலுள்ள இழையை அதனூடாக இழுத்து, அதனை மேல்வரிக்கும் அடுத்த வரிக்குமாக ஒவ்வொன்றாய் உயர்த்திக்கொண்டு போனார்.

“மாமி, இதுக்கு என்ன பேர்?”

“படியேத்திறது.”

மகள் ஏட்டைத் திறந்து, 38 என்று இலக்கமிட்டாள்.